பச்சைக் கோடு போட்ட திருகாணிகள்

போன வாரம் நம் கேம் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான். பழைய கிராபிக்ஸ் கார்டு, புதிது கேட்டால் வீட்டில் உதை விழும், கேம் திக்கித் திக்கி ஓடுகிறது, என்ன செய்யலாம் என்று. நானும் சும்மா இருக்காமல் நீளமாக ஒரு பதில் எழுதினேன். முதலில் தூசியைத் தட்டு. விசிறிக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடு. உள்ளே சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக வை, ஒரு அரிசி அளவு போதும். அப்புறம் செட்டிங்ஸுக்குப் போ. முதலில் கேமில் விழுகிற நிழலை அணை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிவிட்டு அதே இடத்தில் மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இவ்வளவுதான் எழுதினேன். தம்பிக்கு இப்போது கேம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதாம். "அக்கா, நீங்க தெய்வம்" என்று போட்டுவிட்டான். நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைதட்டியிருந்தீர்கள். ஒருவர் மட்டும், "இதையெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் போடவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தேன். அந்தத் தம்பி மாதிரி ஒன்றிரண்டு பேரைத் தவிர நாமெல்லாம் முப்பதைத் தாண்டியவர்கள். கேம் ஆடுகிற உலகத்தில் அது கிழட்டு வயசு. பொடிப்பயல்கள் நம்மைச் சுட்டுத் தள்ளிவிட்டு "சாரி ஆன்ட்டி" என்கிறார்கள். தொந்தி வைத்த மானிட்டரின் நீல வயரை இரண்டு பக்கமும் திருகிப் பொருத்தியவர்கள் நாம். உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்? அந்தப் பதிலில் ஒரு வரிகூட என்னுடையதில்லை. அத்தனையும் ஒருத்தி செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. அவளுக்கு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. அவள் பெயரைக்கூட நான் அப்போது கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் என் லட்சணம் உங்களுக்கு முழுசாகப் புரியும்.

ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஒரகடம் போகிற வழியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை. காலையில் குளித்ததும் திருமண் பெட்டியைத் திறந்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, நாமக்கட்டியைக் குழைத்து, கண்ணாடி முன் நின்று கோடு இழுப்பார். அந்தக் கோடு ஒரு நாளும் கோணினது இல்லை. தொழிற்சாலையிலும் அவர் அப்படித்தான் என்பார்கள். அவர் கண்ணில் பட்ட பிழை தப்பாதாம்.

மாடியில் ஒரே ஒரு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தோம். அம்மாவுக்கு ஆயிரம் நிபந்தனை. முட்டை கூடாது, ஆண்கள் வரக்கூடாது, கொடியில் துணி காயப்போடுவதற்குக்கூட நேரம் உண்டு. இத்தனைக்கும் தலையாட்டிக்கொண்டு தங்கியிருந்தாள், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். அப்பாவின் தொழிற்சாலையிலேயே ஒப்பந்தத் தொழிலாளி. அவளுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கலாம். எங்களுக்கு அவள் "மாடிப் பொண்ணு". எனக்கு "மாடி அக்கா". ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஆனால் உற்பத்தி லைனில் அவளுக்குக் கிடைத்த வேலை திருகாணி முடுக்குவது. ஒரு போர்டுக்கு நாலு திருகாணி. அதை முடுக்கி முடித்தால் அடுத்த போர்டு வந்து நிற்கும். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, மூன்று மணி வாக்கில் நீலச் சட்டையோடு படியேறிப் போவாள். ஓ.டி. பார்த்த நாளில் கொடுக்கிற பிஸ்கட் பாக்கெட்டைத் தான் தின்னாமல் எனக்குக் கொண்டுவந்து தருவாள்.

நான் எட்டாவது முடித்திருந்த கோடை அது. சென்னையிலிருந்த அத்தை பையன் புதிய கார்டு வாங்கிக்கொண்டு, தன் பழைய கிராபிக்ஸ் கார்டை எனக்குத் தள்ளிவிட்டிருந்தான். அதற்கு நான் எவ்வளவு குதித்தேன் தெரியுமா! மாட்டிப் பார்த்தால் கார் பந்தயக் கேம் ஓடுகிறது, ஆனால் ஓடவில்லை. நேர்ச் சாலையில் சமாளிக்கும். ஆற்றுப் பாலம் வந்ததும் படம் நின்று நின்று வரும். எனக்குப் படம் மறுபடி வருவதற்குள் கார் சுவரில் போய் மோதியிருக்கும். மூலையில் மஞ்சளாக ஒரு எண் ஓடும், ஒரு நொடிக்கு எத்தனை படம் என்று. பாலத்தில் அது பதினொன்றுக்கு இறங்கிவிடும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குக் கார்டைக் கொண்டுபோனோம். கடைக்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார் இது, மியூசியத்துல வக்கிற ஐட்டமா கீது? இத்த வச்சிகினு கேம் ஆட்றதா? வேலைக்காவாது சார். தூக்கிக் கடாசிட்டு புச்சு வாங்கிக் குடு பாப்பாவுக்கு."

"புதுசெல்லாம் கிடையாது" என்று அப்பா அங்கேயே சொல்லிவிட்டார். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

அடுத்த நாள் மாடி அக்கா மோட்டார் போடச் சொல்ல வந்தவள், கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து விசிறி கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது.

"என்ன பாப்பா, ஃபேன் இப்படி அரைக்கி? கரண்ட அணை மொதல்ல. தொறந்து பாக்கட்டா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "கூடத்தோட இருந்து பாக்கச் சொல்லு" என்றாள். அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் கேட்காதது போலச் செருப்பைக் கழற்றினாள்.

கார்டைத் தொடுவதற்கு முன்னால் ஜன்னல் கம்பியைப் போய்த் தொட்டாள். ஏன் என்று கேட்டேன். "நம்ம ஒடம்புல கரண்டு இருக்கும்லா, அதக் கம்பில எறக்கி வச்சிட்டுதான் போர்டத் தொடணும்" என்றாள். பிறகு ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள். உள்ளே இருந்தது தூசியே இல்லை, கம்பளி. விசிறியின் ஸ்டிக்கரை உரித்து, அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டாள். நாலு திருகாணியையும் கழற்றி மேல் மூடியைத் தூக்கினதும், நடுவில் சதுரமாக ஒரு சில்லு. அதன்மேல் எதுவோ காய்ந்து பொருக்குத் தட்டிப்போயிருந்தது.

"பேஸ்ட் காஞ்சிட்டு. சூடு எங்கன போவும்? அதான் ஓடமாட்டேங்கு."

மறுநாள் ஒரு குட்டி டப்பாவில் வெள்ளைப் பேஸ்ட் கொண்டுவந்தாள். அம்மா அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, ஃபாக்டரிலேர்ந்து எடுத்துண்டு வந்ததில்லையே?"

அக்காவின் முகம் ஒரு நிமிடம் சிறுத்தது. "கேட்ல எங்க பைய கொட்டித்தான் சோதிப்பாவ மாமி. ஒரு ஊசியக்கூட வெளிய விடமாட்டாவ. இது கடைல வாங்கினது." சொல்லிவிட்டுக் கடைக்காரன் கொடுத்த துண்டுச் சீட்டை அம்மா முன்னால் நீட்டினாள். அம்மா அதை வாங்கிப் படித்தும் பார்த்தாள். அப்போது எனக்கு அது ஒன்றுமாகத் தோன்றவில்லை. இப்போது அந்தச் சீட்டை நீட்டின கைதான் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது.

ஒரு அரிசி அளவு பேஸ்ட். மூடி. நாலு திருகாணியையும் ஒரேயடியாக முடுக்காமல், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினாள். கடைசியில் பேஸ்ட்டோடு சேர்த்து வாங்கி வந்திருந்த ஒரு பச்சை மார்க்கரை எடுத்து, ஒவ்வொரு திருகாணியின் தலையிலிருந்தும் பக்கத்துப் பலகை வரைக்கும் ஒரு சின்னக் கோடு இழுத்தாள். தின்னர் வாசனை கூடமெல்லாம் அடித்தது.

"இது என்னத்துக்கு?"

"லைன்ல பழக்கம். முடுக்கி முடிச்சா கோடு போடணும். பொறவு யாராவது தொறந்தா ஸ்க்ரூல இருக்க கோடு ஒரு பக்கம், பலகைல இருக்க கோடு ஒரு பக்கம்னு வெலகிப் போவும்லா. கோடு நேரா இருந்தா என் வேல. வெலகியிருந்தா வேற கை பட்டுருக்கு." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் எங்களுக்கு வேறு வேலையே இல்லை. மூன்று மணிக்கு வருவாள், முகம் கழுவுவாள், கூடத்துக்கு வந்து பழைய நோட்டு ஒன்றை விரிப்பாள். கட்டம் போட்டிருப்பாள். இன்று எதை மாற்றினோம், பாலத்தில் எத்தனை தடவை படம் நின்றது, மஞ்சள் எண் எவ்வளவு. எனக்குப் பொறுமை கிடையாது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைத்துவிடலாம் என்பேன். "எதனால சரியாச்சின்னு எப்படித் தெரியும்? ஒண்ணொண்ணா போவம்" என்பாள். கார்டின் டிரைவர் மென்பொருளை மாற்றினோம். பின்னால் ஓடிக்கொண்டிருந்த வேண்டாத மென்பொருள்களை நிறுத்தினோம். படத்தின் ரெசல்யூஷனை ஒரு படி இறக்கினோம். நிழலை அணைத்த அன்றைக்குப் பாலத்தில் மஞ்சள் எண் முப்பத்தைந்துக்குப் போய் அங்கேயே நின்றது. கார் வழுக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அக்காவுக்குக் கேம் ஆடத் தெரியாது. ஒரு தடவை அவளிடம் கொடுத்தேன். பந்தயத்தில் எல்லாரும் போய்விட்ட பிறகும் பாலத்து நடுவில் காரை நிறுத்திவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குலா" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, கார்டைப் பார்த்துச் சொன்னாளா, தெரியாது.

ஒரு சாயங்காலம் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தவர், நோட்டை எடுத்துப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். அப்புறம் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கார்டைப் பார்த்தார். பச்சைக் கோட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ லைன்ல ஸ்க்ரூ போடறியா? யார் போட்டா உன்னை அங்கே? ஒப்பந்தம் எப்போ முடியறது?"

"இந்த மாசத்தோட சார்."

"பழுதான போர்டைச் சரிபண்ற ரீவொர்க் பிரிவுக்கு ரெண்டு பேரை நிரந்தரமா எடுக்கப் போறா. நான் பேர் எழுதிக் கொடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டா. எழுதறேன்."

அக்கா நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. கை மட்டும் தாவணி நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா உள்ளே போன பிறகு என்னிடம் சொன்னாள்: "ரீவொர்க் கெடச்சா நான் இங்கனயே இருந்துருவேன் பாப்பா. இல்லைன்னா ஊருக்குத்தாம். அங்க எங்க மாமா பையனுக்குக் குடுக்கணும்னு பேசி முடிச்சி வச்சிருக்காவ. நான் சரின்னு சொல்லல." அவள் வாழ்க்கையே அப்பா எழுதப்போகிற ஒரு பெயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பதிமூன்று வயசில் இது புரியாத அளவுக்கு நான் குழந்தையில்லை. எனக்குப் புரிந்தது. அதனால்தான் இதை எழுத இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

சித்திரை உற்சவம் வந்தது. வீட்டில் உறவுக் கூட்டம். அத்தை பையனும் வந்தான். பெருமையாகக் கேமைப் போட்டுக் காட்டினேன். பாலத்தில் பறந்தேன். அவன் திரையை உற்றுப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னான்.

"என்னடி இது, காருக்கு நிழலே இல்லை? பேய் ஓட்டற கார் மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அதில் செத்தே போய்விட்டேன். அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் காருக்கு நிழல் விழுமாம், கண்ணாடியில் மேகம்கூடத் தெரியுமாம்.

தேர் அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. நிழலை ஏற்றினேன். மற்ற எல்லாவற்றையும் ஏற்றினேன். அத்தை பையன் சொன்ன ஒரு மென்பொருளைப் போட்டு, கார்டின் வேகத்தையும் கடைசிவரை இழுத்துவிட்டேன். பெட்டி அனலாகக் கொதித்தது. பேஸ்ட் போதவில்லை, இன்னும் கொஞ்சம் வைத்தால் சூடு இறங்கிவிடும் என்று எனக்கு ஒரு ஞானம் உதித்தது. கார்டைக் கழற்றினேன். நாலு திருகாணியையும் கழற்றினேன். ஜன்னல் கம்பியைத் தொடவில்லை. டப்பாவைத் திறந்தால் பேஸ்ட் தீர்ந்துபோயிருந்தது.

பூஜை அலமாரியில் அப்பாவின் திருமண் பெட்டி இருந்தது. அதுவும் வெள்ளை. அதையும் குழைத்தால் பசை. அவர் உள்ளங்கையில் குழைப்பதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கா தெரியாது! தண்ணீர் விட்டு நாமக்கட்டியைக் கெட்டியாகக் குழைத்து, சில்லின்மேல் அப்பம் மாதிரி அப்பினேன். மூடி முடுக்கினால் பச்சைக் கோடு சேரவில்லை. எப்படித் திருப்பினாலும் தள்ளியே நின்றது. கோடு விலகியிருந்தால் வேற கை பட்டிருக்கிறது என்று அவள் சொன்னது காதிலேயே இருந்தது. அதனால் கோடு நேராக வருகிற வரைக்கும் நாலு திருகாணியையும் பின்னால் தளர்த்திவிட்டேன். பார்வைக்குக் கோடு கச்சிதமாகச் சேர்ந்துவிட்டது. மூடி உள்ளே லொடலொடவென்று ஆடியது. நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அத்தை பையன் திரும்பி வந்ததும் போட்டுக் காட்டினேன். காருக்கு நிழல் விழுந்தது. "பரவாயில்லையே!" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனையும். பாலத்தின் பாதியில் திரை முழுக்கக் கோடு கோடாக நிறம் ஓடியது. அப்புறம் கறுப்பு. பெட்டிக்குள்ளிருந்து சுட்ட மண் வாசனையும் பிளாஸ்டிக் வாசனையும் சேர்ந்து வந்தது.

அப்பா கோயிலிலிருந்து நெற்றி நிறையத் திருமண்ணோடு வந்தார். "என்னடி ஆச்சு?"

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. "மாடி அக்கா தொறந்து ஏதோ பண்ணினாளோல்லியோ, அதான் போயிடுத்து."

அன்றைக்கு அவளுக்கு முதல் ஷிஃப்ட். வந்து படியேறப் போனவளை அம்மா கூப்பிட்டாள். உறவுக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவள் நீலச் சட்டையோடு நடுவில் நின்றாள். முதலில் போய் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தாள். அப்புறம் கார்டை வாங்கித் திருப்பினாள். கோடுகளைப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தன. ஒரு திருகாணியின்மேல் நகத்தை வைத்து மெல்ல அழுத்தினாள். அது சுழன்றது. அடுத்தது. அதுவும் சுழன்றது. நாலையும் தொட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, இத நீ தொறந்தியா?"

"இல்லை."

இன்னொரு தடவை கேட்பாள் என்று நினைத்தேன். இன்னொரு தடவை கேட்டிருந்தால் அழுது சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்கவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

"நாந்தாம் சரியா முடுக்கல போல சார்."

"அன்னிக்கே சொன்னேன், ஸ்க்ரூ முடுக்கற பொண்ணு கையில இதெல்லாம் கொடுக்காதீங்கோன்னு" என்றாள் அம்மா. அத்தை ஆமோதித்தாள். அப்பா கார்டை வாங்கிக்கொண்டு, திருப்புளியையும் எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "சூடு தாங்கலை" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் திருமண் பெட்டியைத் திறந்தவர், பாதியாகக் கரைந்திருந்த நாமக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கோடு இழுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

நாலைந்து நாளில் ரீவொர்க் பிரிவுக்கு ஆள் எடுத்த பட்டியல் வந்தது. அதில் அவள் இல்லை. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்தாள். போகிற அன்றைக்குக் கீழே வந்து, "பாப்பா இல்லியா மாமி?" என்று கேட்ட குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரைச் சும்மா சும்மா மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளி தீர்ந்ததும் குழாயைத் திறந்துவிட்டேன். அவள் போய்விட்டாள் என்று கேட் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். டி.வி. மேல் கட்டம் போட்ட நோட்டும், ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன. நோட்டை வைத்துக்கொண்டேன். உங்களுக்கு நான் எழுதிய பதில் முழுக்க அந்த நோட்டுதான். பிஸ்கட்டை என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தின்றுவிட்டேன்.

இப்போது நான் படப்பையில் இருக்கிறேன். குழுவில் அந்தக் கேள்வி வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர் போனேன். பரணில் அப்பாவின் கருவிப் பெட்டி இருந்தது. அதன் அடியில் செய்தித்தாளில் சுற்றி அந்தக் கார்டு. அம்மா எந்தக் காலத்திலோ குப்பையில் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். பச்சைக் கோடுகள் வெளுத்துப்போய் இன்னும் இருந்தன. நான் நேராகச் சேர்த்து வைத்த கோடுகள். ஆனால் இப்போது நாலும் விலகி நின்றன. ஒவ்வொரு திருகாணியும் அழுத்தமாக முடுக்கியிருந்தது. எனக்குப் பிறகு வேறு ஒரு கை பட்டிருக்கிறது.

கழற்றினேன். உள்ளே சில்லு பளிச்சென்று இருந்தது. யாரோ துளித்துளியாகத் துடைத்திருக்கிறார்கள். திருகாணி ஓட்டைகளில் மட்டும் துணி நுழையாத இடத்தில் கொஞ்சம் வெள்ளை மண் ஒட்டியிருந்தது.

அப்பா ஈஸிசேரில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கார்டைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன்.

"இதை நீங்க தொறந்தேளா?"

"ம். அன்னிக்கே."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"திருமண்ணை எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை.

"ஏம்ப்பா ஒண்ணும் சொல்லலை?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துண்டிருந்தேன். பேர் கொடுக்க நாலு நாள் இருந்தது. நாலாம் நாள் சாயந்தரம் வரைக்கும் அந்த இடத்தைக் காலியாவே வச்சிருந்தேன்."

"நான் சொல்லாட்டாலும் நீங்க எழுதியிருக்கலாமே."

"எழுதியிருக்கலாம்." பேப்பரை மடித்தார். மறுபடி மடித்தார். "எழுதினா ஏன்னு ஆத்துல கேப்பா. அத்தை எதிர்ல எம்பொண்ணு பொய் சொன்னான்னு சொல்லணும். அந்தப் பொண்ணு தானே ஒத்துண்டுடுத்து. எனக்கு அது சௌகர்யமாப் போச்சு."

நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். அவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் ஒளிந்திருந்தேன். நான் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சம்மதம் சொல்லாத கல்யாணத்துக்கு ஊர் போனாள். பிறகு அவள் என்ன ஆனாள் என்று இந்த வீட்டில் யாரும் விசாரித்ததில்லை. நான் கேட்டால் அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று நான் கேட்டதில்லை. அவர் கேட்காததற்கும் அதுவேதான் காரணமாக இருந்திருக்கும்.

குழுவில் கேட்ட நண்பருக்குப் பதில் போட வேண்டுமே. மாடி அக்கா என்றா எழுதுவது? மாடிப் பொண்ணு என்றா? எத்தனையோ பேர் அந்த மாடியில் இருந்துவிட்டுப் போய்விட்டார்கள். வருஷம் பதினெட்டு ஆகிறது. அப்பாவுக்கு இப்போது காலையில் மாத்திரை போட்டோமா என்பதே மறந்துவிடுகிறது. இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு பேரு ஏதாவது ஞாபகம் இருக்காப்பா?"

பெயரைத்தான் கேட்டேன். அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல், இனிஷியலோடு முழுப் பெயரையும் சொல்லி, அவளுடைய தொழிற்சாலை டோக்கன் நம்பரையும் சொன்னார்.